ஒரு கல்கூட இல்லை

“செத்துப்போனவர்களுக்கு எதற்கு மரியாதை?” என்று கேட்டார் மாசிலாமணி.

சவரியம்மாள் வாளியில் சுண்ணாம்பு கலக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“இங்க படுத்திருக்கிற யாரும் மரியாதை கேட்டு மனுப் போடலைங்கய்யா. அந்த வெள்ளையடிக்கிற மட்டையை எடுங்க.”

மாசிலாமணிக்கு எழுபத்திரண்டு வயது. ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் தெருமுனைகளில் பேசியவர். பதினேழு முறை சிறைக்குப் போனவர். துண்டறிக்கைகளைப் படித்தே எழுத்துக் கற்றவர். சாமியார், குரு, ஆசிரமம் எதையும் மேடையில் அவர் விட்டுவைத்ததில்லை. யார் முன்னாலும் கைகட்டி நின்றதில்லை என்பதை அவரே அடிக்கடி சொல்லுவார்.

சவரியம்மாளுக்கு நாற்பத்தைந்து இருக்கும். கரடிவாசல் பழைய கல்லறைத் தோட்டத்தின் காவல் அவளுடையது. மாமனார் பார்த்த வேலை. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது.

ஆனால் ஊரில் பங்காளிச் சண்டை முற்றினால் அவளிடம்தான் போவார்கள். அவள் தீர்ப்புச் சொல்லி யாரும் கேட்டதில்லை. ஏதாவது வேலை கொடுப்பாள். வேலையை முடித்துத் திரும்புகிறவர்கள் வாயைத் திறக்க வெட்கப்படுவார்கள்.

மாசிலாமணி ஞானம் தேடி வரவில்லை. ஒரு கையெழுத்துக்காக வந்தார்.

மலைச்சாலை தொடங்கும் முச்சந்தியில் ஒரு தூண் உண்டு. சாலை போட்ட துரைக்கு வெள்ளைக்காரர்கள் வைத்தது. ‘இம்மலையைத் திறந்தவர்’ என்று அதில் வெட்டியிருக்கும்.

துரை ஒரு கூழாங்கல்லைக்கூடத் தூக்கியதில்லை. பாறையை உடைத்தவர்கள் வேறு ஆட்கள். வெடியிலும் காய்ச்சலிலும் செத்தவர்கள் வேறு ஆட்கள். தூணை அகற்று என்று மாசிலாமணி ஆயுள் முழுக்கக் கத்தினார். இப்போதுதான் அரசாங்கத்துக்குக் காது கேட்டது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, தூணுக்கு எதிரிலேயே, கருத்துக் கேட்புக் கூட்டம்.

ஊர் இரண்டாகப் பிரிந்துவிட்டது. டீக்கடையிலும் அதே பேச்சு.

“தூணை எடுத்துட்டா பஸ் எங்க நிக்கும்? டிக்கெட்லயே தூண் ஸ்டாப்புன்னுதானே இருக்கு” என்றார் வாழைக்காய் வியாபாரி.

“உங்க மாமியார் வீட்டு வாசல்ல நிக்கட்டும்” என்றான் ஆட்டோக்காரன்.

“அது வரலாறுப்பா” என்றார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்.

“யார் வரலாறு சார்?”

தலைமையாசிரியர் டீயைக் குடித்துவிட்டு எழுந்துபோனார்.

தூணும் கல்லறைத் தோட்டமும் ஒரே சர்வே எண்ணில் இருந்தன. தூண் வேண்டாம் என்றால் தோட்டத்தையும் சமப்படுத்திப் பேருந்து நிலையம் கட்டிவிடுவோம் என்றார் அதிகாரி. காவல்காரியிடம் ‘ஆட்சேபணை இல்லை’ என்று எழுதி வாங்கி வந்தால் போதும்.

மாசிலாமணி ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. சரி என்றார்.

தோட்டமும் போகிறது என்று கேட்டதும் அவருக்கு முதலில் வந்தது நிம்மதி. அது ஏன் என்று அவருக்குத் தெரியும். அப்படி நிம்மதி வந்ததை நினைத்து அன்று முழுவதும் அவர் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

சட்டைப்பையில் காகிதம் இருந்தது. அவரே எழுதியது.

மட்டையை எடுத்தார்.

கல்லறைத் திருநாளுக்கு இன்னும் நான்கு நாள். அதற்குள் எல்லாக் கல்லறைக்கும் வெள்ளையடிக்க வேண்டும்.

முதல் வரிசையில் செங்கல் கட்டிய பெரிய கல்லறைகள். மாசிலாமணி நின்றுவிட்டார்.

“வெள்ளைக்காரன் சமாதிக்கு நான் வெள்ளையடிக்க மாட்டேன்.”

“அது வெள்ளைக்காரன் இல்லைங்கய்யா. நாலு வயசுப் பொம்பளப்பிள்ளை.”

“யார் பிள்ளை?”

“துரை பிள்ளைதான். வயித்துப்போக்குல போயிருக்கு.”

மாசிலாமணி மட்டையைச் சுண்ணாம்பில் முக்கினார். பிறகு குனிந்து அடித்தார். ஓரத்தில் விட்டுப்போன இடத்தைத் திரும்ப வந்து அடித்தார்.

“நல்லா அடிக்கிறீங்களே” என்றாள்.

“சுவர் விளம்பரம் எழுதின கைம்மா இது. எத்தனை சுவர் பாத்திருக்கும்.”

“யார் வீட்டுச் சுவர்னு கேட்டா எழுதுனீங்க?”

மாசிலாமணி சிரித்தார். அன்றைக்கு அவர் சிரித்தது அந்த ஒருமுறைதான்.

வெயில் ஏறியது. வரிசை வரிசையாக அடித்துக்கொண்டே பின்மதில் வரைக்கும் வந்தார்கள். மாசிலாமணியின் கை மெதுவாகியது.

பின்மதில் ஓரம் சாலைக் கூலிகளின் இடம். செங்கல் கிடையாது, சிலுவையும் கிடையாது. தரையில் நட்ட ஆற்றுக் கற்கள்தான். அவற்றுக்கு நடுவே கல் இல்லாமல் ஒரு வரிசைக் குழிகள். ஒவ்வொன்றும் ஒரு முழ நீளம். புல் இல்லை. குப்பை இல்லை. யாரோ வருடா வருடம் சுத்தம் செய்த குழிகள். உள்ளே பழைய மெழுகு உருகி உறைந்திருந்தது.

“இதுக்கும் ஓரத்தில ஒரு கோடு அடிச்சிருங்க” என்றாள் சவரியம்மாள்.

“கல் இல்லையே.”

“ஆமா.”

“எத்தனை?” என்று கேட்டார். கேட்டிருக்க வேண்டியதில்லை.

“பதினொண்ணு. எங்க மாமனார் காலத்தில எடுத்துட்டுப் போயிட்டாங்க. எழுத்து வெட்டுன கல்லு. கல் உடைக்கிற ஆளுகள்ல எவனோ ஒருத்தனுக்கு எழுதத் தெரிஞ்சிருக்கு. மத்தியானச் சோத்து நேரத்தில உட்கார்ந்து, செத்தவன் பேரையும் எந்த மைல்ல செத்தான்னும் வெட்டியிருக்கான்.”

மாசிலாமணி மட்டையை உதறினார்.

“மாமனார் சொல்லுவாரு, படிச்சவங்கதான் எடுத்திருக்காங்கன்னு.”

“அது எப்படிச் சொல்ல முடியும்?”

“எழுத்து இல்லாத கல்லெல்லாம் அப்படியே கிடக்கே. எழுத்துள்ளதா பாத்து எடுத்திருக்காங்க.”

“எழுத்துக்காக இல்லை” என்றார் மாசிலாமணி. “அதுதான் தட்டையாக இருந்தது.”

சொல்லிவிட்டார்.

மதிலுக்கு அப்பால் ஒரு பேருந்து கியர் மாற்றிக்கொண்டு மலை ஏறியது.

“அப்படியா” என்றாள் சவரியம்மாள்.

வாளியில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கலக்கி அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

நாற்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் அது ஒரு கடையடைப்பு நாள். நட்டநடு மதியம். தெருவில் நாய்கூட இல்லை.

தூணுக்கு நேர் எதிரே, அதைவிட உயரமாக, கொடிமேடை ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. மறுநாள் மதுரையிலிருந்து தலைவர் வந்து கொடியேற்றுகிறார். அடியில் வைக்கக் கல் போதவில்லை. குவாரிக்காரர்கள் இவர்களுக்குக் கல் தர மறுத்துவிட்டார்கள்.

“வெள்ளைக்காரன் சமாதிக் கல்லையே எடுப்போம்” என்றான் மாசிலாமணி. அப்போது வயது இருபத்துநான்கு. அப்படிச் சொல்வது அவனுக்கு நியாயமாகவும் அழகாகவும் இருந்தது.

நான்கு பேர் தள்ளுவண்டியோடு போனார்கள். வெள்ளைக்காரன் கல் அசையவில்லை. ஈயம் காய்ச்சி ஊற்றி நட்டிருந்தான். கூலிகளின் கல் கையால் இழுத்ததும் வந்தது.

நான்கு பேரில் எழுத்துத் தெரிந்தவன் மாசிலாமணி மட்டும்.

“என்ன எழுதியிருக்கு?” என்று கேட்டான் சோலைமுத்து.

சோலைமுத்துவின் பூட்டி அந்தச் சாலையில் செத்தவள். சடச்சி என்று பெயர். எந்த மைலில் செத்தாள், எங்கே புதைத்தார்கள் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. அதனால் ஆடி அமாவாசை அன்று மலைச்சாலையில் நடப்பார்கள். எந்த மைல்கல் முதலில் கண்ணில் படுகிறதோ அதற்கு ஒரு முழம் பூ வைத்துவிட்டு வருவார்கள்.

அவன் கையில் இருந்தது ஆறாவது கல்.

‘சடச்சி. நாலாம் மயில்.’

மைலை மயில் என்று வெட்டியிருந்தான் யாரோ.

மாசிலாமணி படித்தான். விடிந்தால் தலைவர் வருகிறார். சுவரொட்டி ஒட்டியாகிவிட்டது.

“ஒண்ணுமில்ல” என்றான். “எழுத்தை உள்பக்கமா வை. பூச்சு நல்லாப் பிடிக்கும்.”

சோலைமுத்து அப்படியே வைத்தான்.

அந்த மேடையில் ஏறி நின்றுதான் மாசிலாமணி பேச்சாளர் ஆனார். மறுநாளே அவர் சொன்ன வாக்கியம் மாவட்டம் முழுவதும் பரவியது. “மலையை உடைத்தவர்களுக்கு ஒரு கல்கூட இல்லை!” கூட்டம் கொந்தளிக்கும். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அந்த வாக்கியத்துக்காக அடி வாங்கியவர்கள் உண்டு. அதே மேடையிலிருந்து அதை அவர் எத்தனை முறை சொன்னார் என்பதற்குக் கணக்கு இல்லை.

ஒரு ஆடி அமாவாசையில் சோலைமுத்து பூவோடு போவதைப் பார்த்து அவர் திட்டியிருக்கிறார். “கல்லுக்குப் பூ வைக்கிறது மூடத்தனம்னு நான் மேடையில பேசுறேன். நீ என் பக்கத்தில நின்னு கொடி பிடிக்கிற. வெட்கமா இல்லையா?”

அதற்குப் பிறகு சோலைமுத்து பூவைச் சிவப்புத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு போனார்.

மாசிலாமணி பதினோரு குழிகளுக்கும் ஓரத்தில் கோடு அடித்து முடித்தார். முழங்கால் மண்ணோடு நிமிர்ந்தார்.

“காகிதம் கொண்டுவந்திருக்கேன்னு சொன்னீங்களே” என்றாள்.

நான் சொல்லவே இல்லையே என்று நினைத்தார். பிறகு, ஊரே சொல்லியிருக்கும் என்று நினைத்தார். எடுத்துக் கொடுத்தார்.

அவள் அதைப் பார்க்கவில்லை. அவரிடமே திருப்பி நீட்டினாள்.

“என்ன எழுதியிருக்கு?”

“ஒண்ணுமில்ல...” என்று தொடங்கினார் மாசிலாமணி.

அந்தக் குரலை அவருக்குத் தெரியும். இருபத்துநான்கு வயதுக் குரல். கொஞ்சமும் வயதாகவில்லை அதற்கு.

காகிதத்தில் இருந்தது இதுதான்: இந்நிலத்தில் அடையாளம் காணத்தக்க கூலித் தொழிலாளர் கல்லறை எதுவும் இல்லை; சமப்படுத்துவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

அதைப் படித்துக்காட்ட அவருக்கு வாய் வரவில்லை.

“உனக்குப் படிக்கத் தெரியுமேம்மா.”

“தெரியும்.”

“பிறகு?”

“நீங்க படிச்சவங்க. நீங்க ஒண்ணுமில்லன்னு சொன்னா ஒண்ணுமில்லதான்.”

கையைச் சேலையில் துடைத்துவிட்டு, வாளிமேல் காகிதத்தை வைத்து, நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். ஓரத்தில் சுண்ணாம்பு விரல் பதிந்தது.

“வேண்டாம்” என்று அவர் சொல்லியிருக்கலாம். அவள் ‘ள்’ எழுதி முடிக்கும்வரை அவருக்கு நேரம் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை முச்சந்தியில் பந்தல் போட்டிருந்தார்கள். தூணைச் சுற்றிப் போலீஸ். எதிரே கொடிமேடை, புதிதாகச் சிவப்பு அடித்து.

தலைமையாசிரியர் முதலில் பேசினார். தூண் நூற்று நாற்பது வருடம் பழையது என்றார். சாலை இல்லாவிட்டால் கரடிவாசலுக்குப் பள்ளிக்கூடம் ஏது, ஆஸ்பத்திரி ஏது என்று கேட்டார்.

“பள்ளிக்கூடத்தையும் துரைதான் கட்டுனாராய்யா?” என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

“இல்லை. ஆனால் சிமென்ட் அந்த வழியாகத்தான் வந்தது.”

சிரிப்பு.

வாழைக்காய் வியாபாரி பஸ் நிறுத்தத்தைப் பற்றியே பேசினார். பிறகு அதிகாரி மாசிலாமணியை அழைத்தார்.

அவர் கொடிமேடையில் ஏறினார். வலதுபுறம் கீழே, நாற்பத்தெட்டு வருடமாக நிற்கிற இடத்தில், சோலைமுத்து நின்றிருந்தார். எழுபது வயது, கழுத்தில் அதே துண்டு. கூட்டத்தின் ஓரம், வெறும் தரையில், சவரியம்மாள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் சுண்ணாம்பு வாளி. தோட்டத்திலிருந்து நேராக வந்திருந்தாள்.

“ஐயா, அந்தம்மா கையெழுத்து வாங்கிட்டீங்களா?” என்றார் அதிகாரி.

மாசிலாமணி மைக்கைப் பிடித்தார்.

“தோழர்களே.”

கூட்டம் அமைதியானது.

“மலையை உடைத்தவர்களுக்கு...”

நின்றார்.

காலுக்குக் கீழே மேடை எப்போதும்போலக் கெட்டியாக இருந்தது.

“மலையை உடைத்தவர்களுக்கு...”

தலைவருக்குத் தொண்டை அடைக்கிறது என்று நினைத்தார்கள். அவருக்காகக் கூட்டமே முடித்துவைத்தது.

“ஒரு கல்கூட இல்லை!”

நானூறு பேர். எல்லோருக்கும் மேலே சோலைமுத்துவின் குரல். கழுத்து நரம்பு தெரிய, கண் நிறைய.

“ஒரு கல்கூட இல்லை! ஒரு கல்கூட இல்லை!”

மாசிலாமணி மைக்கை விட்டார். படியைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினார். அதிகாரியின் மேசைக்குப் போய்க் காகிதத்தை வைத்தார்.

“கையெழுத்து நிஜம். காகிதம் பொய். எழுதினது நான்.”

“என்னய்யா சொல்றீங்க?”

“கடப்பாரை இருக்கா?”

கூட்டம் ஒரு கணம் வாய் பிளந்தது. அடுத்த கணம் விசில் பறந்தது. தலைவர் கையாலேயே தூணை இடிக்கப்போகிறார். ஆட்டோக்காரன் சாலை வேலை நடந்த இடத்துக்கு ஓடிக் கடப்பாரை கொண்டுவந்தான். போலீஸ் தூணை நெருங்கி வளைத்துக்கொண்டது. கூட்டம் விலகித் தூணுக்கு வழி விட்டது.

மாசிலாமணி அந்த வழியில் போகவில்லை. திரும்பி, மேடையின் வலது மூலையில் கடப்பாரையை இறக்கினார்.

சிவப்பு பெயர்ந்து விழுந்தது.

“தலைவரே! அது நம்ம மேடை!” என்று அலறினார் கட்சிச் செயலாளர்.

“தெரியும். நான் கட்டினது.”

“ஐயாவுக்கு என்னமோ ஆயிருச்சு. யாராவது பிடிங்கப்பா.”

யாரும் வரவில்லை. சோலைமுத்து மட்டும் வந்தார். ஏன் என்று கேட்கவில்லை. நாற்பத்தெட்டு வருடத்தில் ஒருமுறையும் கேட்டதில்லை. துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு கடப்பாரையின் மறுபக்கத்தைப் பிடித்தார்.

இரண்டு கிழவர்கள் மூச்சு வாங்கினார்கள். பூச்சு உதிர்ந்தது. ஒரு கல் அசைந்தது, வந்தது, மண்ணில் குப்புற விழுந்தது.

“புரட்டு, சோலை” என்றார் மாசிலாமணி.

புரட்டினார்கள். சுண்ணாம்புக் காரை அடைத்துக்கொண்ட வரிகள் தெரிந்தன. மாசிலாமணி தரையில் உட்கார்ந்து நகத்தால் சுரண்டினார். நகம் உடைந்தது. சவரியம்மாள் எழுந்து வந்து மட்டையை நீட்டினாள். அதன் காம்பால் சுரண்டினார்.

சோலைமுத்து அருகே குந்தினார். எழுத்தை வெகுநேரம் பார்த்தார்.

“என்ன எழுதியிருக்கு, மாசி?”

மைக் மட்டும் இரைந்துகொண்டிருந்தது.

“கருப்பண்ணன்” என்று படித்தார் மாசிலாமணி. “ரெண்டாம் மயில்.”

சோலைமுத்து கல்லைத் தொட்டார். மேடையைப் பார்த்தார். உள்ளே அடுக்கடுக்காக இருந்த கல் வரிசையைப் பார்த்தார். அவற்றைத் தன் கையாலேயே அடுக்கியது அவருக்கு ஞாபகம் வந்தது. தலையில் கட்டிய துண்டை அவிழ்த்தார்.

“அன்னைக்கு ஒண்ணுமில்லன்னு சொன்னியே.”

மாசிலாமணியால் தலையை நிமிர்த்த முடியவில்லை.

அதிகாரி பந்தலை விட்டு வெளியே வந்திருந்தார். கையில் பேனா.

“ஐயா, நான் குறிப்பு எழுதணும். தூணைப் பத்தி உங்க கருத்து என்ன? எடுக்கலாமா, வேண்டாமா?”

மாசிலாமணி சவரியம்மாளைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல்முறையாக, என்ன சொல்வது என்று ஒருவரைக் கேட்கிற பார்வை.

அவள் வாளியைத் தூக்கி மேடையோரம் வைத்தாள்.

“இன்னும் பத்து இருக்கு.”